கொப்பரைக் களத்திலிருந்து பழனிக்கு உருண்ட சக்கரங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல தைப்பூசங்களாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பேனாவை எடுப்பேன். சாமிக்கும் எனக்கும் நடுவில் இருந்ததை ஊருக்கெல்லாம் பந்தி வைப்பதா என்று கூச்சம் வரும். மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எழுதினால் கோவையாக வருமா என்ற பயமும் உண்டு.

போன தை மாதம் அந்தப் பயத்தை விட்டேன். பாதயாத்திரை போகிறவர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு பழைய வீடியோ போட்டிருந்தார்கள். பச்சைப் பாவாடை கட்டிய சின்னப் பெண் ஒருத்தி, காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பழனி ரோட்டில் போகிறாள். பின்னால் பக்திப் பாட்டு. கீழே எழுத்து: பிறவியிலிருந்து நடக்க முடியாத குழந்தை, முருகன் அருளால் கால் குணமாகி, சக்கரத்திலேயே மலையேறிய அற்புதம், பத்துப் பேருக்கு அனுப்புங்கள், நல்ல சேதி வரும். அனுப்பியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தை என் மகள்.

அவள் பிறவியில் நன்றாகப் பிறந்தவள். அவள் கால் இன்றைக்கும் குணமாகவில்லை. சக்கரத்தில் மலையேறவும் இல்லை. நடந்தது அந்தக் கதையைவிடப் பெரியது என்பது என் எண்ணம். அதனால் எனக்குத் தெரிந்த மாதிரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

ஸ்கேட் என்கிற சாமானை நான் முதலில் பார்த்தது தாராபுரத்துப் பக்கம், எங்கள் அப்பாவும் அம்மாவும் கூலி வேலை பார்த்த தோட்டத்தில். தோட்டத்துக்காரர் வீட்டுக்கு முழுப்பரீட்சை லீவுக்குக் கோயமுத்தூரிலிருந்து பேரப்பையன் வருவான். ஒரு வருஷம் அவன் ஒரு அட்டைப்பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினான். பெட்டிக்குள் இரண்டு இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் நான்கு இரும்புச் சக்கரம். முன்பக்கம் ஷூவின் ஓரத்தைக் கவ்விப் பிடிக்க இரண்டு கொக்கி, பின்பக்கம் கணுக்காலில் கட்டத் தோல் வார். தகட்டைக் காலுக்குத் தகுந்த மாதிரி நீட்டவும் குறுக்கவும் ஒரு சாவி இருந்தது. அதை அவன் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தான். எங்கள் கண்ணுக்கு அவன் லாரி ஓட்டுகிற டிரைவர் மாதிரி தெரிந்தான்.

நிலக்கடலை காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில்தான் ஓட்டினான். சத்தம் கிணற்றடி வரைக்கும் கேட்கும். வேலைக்காரர் பிள்ளைகள் நாங்கள் களத்து ஓரத்தில் வரிசையாக நிற்போம். நல்ல பையன், களைத்ததும் ஒரு சக்கரத் தகட்டை எங்களிடம் கொடுத்தான். ஆனால் கொக்கி ஷூவைத்தான் கவ்வும். எங்களில் ஒருத்தர் காலிலும் ஷூ கிடையாது. வெறுங்காலில் கட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை. அப்புறம் அதன்மேல் குந்தவைத்து உட்கார்ந்து, பின்னால் ஒருத்தர் தள்ள, களத்தின் சரிவில் வழுக்கிக்கொண்டு போனோம். நான் ஸ்கேட் ஓட்டியது அவ்வளவுதான், அதுவும் உட்கார்ந்தபடி. பாவாடை கிழிந்ததற்கு அம்மாவிடம் வாங்கியது தனிக் கணக்கு.

கல்யாணமாகி உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்தேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நான் கொப்பரைக் களத்தில் வேலைக்குப் போனேன். தேங்காயை உடைத்துக் களத்தில் காயப்போடுவது, வெயில் ஏற ஏறக் கிளறிவிடுவது, தொட்டியிலிருந்து, அதாவது சிரட்டையிலிருந்து, தேங்காய்ப் பருப்பைத் தோண்டி எடுப்பது, மழை இருட்டினால் தார்ப்பாயை இழுத்து மூடுவது என்று வேலைக்குக் குறைவிருக்காது.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டது. இடது காலைத் தொட்டாலே வீறிட்டு அழுதாள். கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பு மூட்டில் சீழ் வைத்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்று நான் முருகனிடம் வேண்டினேன். என்ன வேண்டினேன் என்பது முக்கியம். "முருகா, எம்புள்ளையக் குடுத்துரு. அவ தன்னோட காலால உன் மலைக்கு வந்து நிப்பா." வாய் விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரருக்கும் கேட்டது.

குழந்தையைக் கொடுத்தான். காலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டான். வளர வளர இடது கால் வலது காலைவிடக் குட்டையாகிப்போனது. டாக்டர் இடது பக்கம் மட்டும் உயரமாக வைத்த ஷூ செய்யச் சொன்னார். அதைப் போட்டுக்கொண்டால் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வருவாள். கழற்றிவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். கொஞ்ச தூரத்திலேயே இடுப்பு வலி வந்துவிடும்.

பழனி யாத்திரைக்கு வெறுங்காலோடுதான் போக வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். மாலை போட்டால் செருப்பு கிடையாது. ஆகவே அவளால் ஷூ போட்டு வர முடியாது, ஷூ இல்லாமல் நடக்கவும் முடியாது. ஒவ்வொரு தையிலும் நான் மட்டும் போவேன். சன்னதியில் நின்று, அடுத்த வருஷம் கூட்டி வருகிறேன் என்பேன். ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிடலாம், வீட்டுக்காரர் தோளில் தூக்கி வரலாம், வேண்டுதலை மாற்றி முடிகாணிக்கையாகச் செலுத்தலாம் என்று பலரும் யோசனை சொன்னார்கள். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னது தன் காலால் என்று. சாமியிடம் சொன்ன வார்த்தையை மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் மகள் களத்துக்கு வந்துவிடுவாள். களத்திலும் செருப்புக்கு இடமில்லை. எண்ணெயாகிச் சாப்பாட்டுக்குப் போகிற பருப்பு காய்கிற இடம். முதலாளியே செருப்பை ஓரத்தில் விட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். ஷூவைக் கழற்றினால் கால் சாயும் என்பதால் மகள் ஓரத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எங்களோடு வேலை செய்த ஒரு பெரிய அக்கா அடிக்கடி அவளைச் சீண்டுவார். ஏங்கண்ணு, கல்யாணப் பொண்ணாட்டம் உக்காந்துட்டே இருக்கறயே என்பார். அவளும் சிரிப்பாள். எனக்குத்தான் உள்ளே சுருக்கென்று இருக்கும்.

ஒரு தடவை முதலாளி குடோனுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டார். மச்சில் கிடந்ததையெல்லாம் கீழே இறக்கியபோது ஒரு சாக்குப் பையில் அதே மாதிரி சக்கரத் தகடுகள் இருந்தன. அவருடைய பிள்ளைகள் சின்ன வயசில் ஓட்டியவை. பிள்ளைகள் இப்போது திருப்பூரில் கம்பெனி நடத்துகிறார்கள். முதலாளி அதை என் மகளிடம் கொடுத்து, "இந்தா கண்ணு, கையில உருட்டி வெளையாடு" என்றார். உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு ஒரு பொம்மை என்றுதான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் அன்றைக்கே காலில் கட்டிவிட்டாள். ஷூ இல்லாமல், நான் சின்ன வயசில் செய்த அதே முட்டாள்தனம். விழுந்தாள். மறுபடி கட்டினாள்.

ராத்திரி அவள் அப்பா தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் வேப்பம்பலகையில் காலின் அளவுக்கு இரண்டு கட்டை அறுத்து வந்தார். வலது காலுக்கு மெல்லிசு. இடது காலுக்கு, டாக்டர் ஷூவில் வைத்த அதே உயரத்துக்குத் தடிமன். ஷூவைக் கவ்வுகிற கொக்கி இப்போது கட்டையைக் கவ்வியது. கட்டைமேல் வெறுங்காலை வைத்து, பருத்தி நாடாவால் கட்டினார்.

களத்தில் அன்றைக்குப் பருப்பு இல்லை. கழுவிவிட்ட தரை, மாலை வெயில். என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். விட்டாள். வலது காலால் ஒரு தள்ளு. களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போனாள். சாயவில்லை. எல்லாப் பிள்ளைகளும் போகிற மாதிரி நேராகப் போனாள். தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளி சட்டென்று எழுந்து நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அழவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது எழுதும்போதும் அப்படியே இருக்கிறது.

அதற்கப்புறம் அவளைக் களத்து ஓரத்தில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. காயப்போட்ட வரிசைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டுவாள். பிறகு தானாகவே ஒரு வேலை கண்டுபிடித்துக்கொண்டாள். கம்பின் முனையில் பலகை அடித்த தள்ளுக்கட்டையால்தான் நாங்கள் பருப்பைக் கிளறுவோம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு உருண்டே போனால், பின்னால் பருப்பு புரண்டுகொண்டே வரும். பெரிய அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "நாமெல்லா நடந்து நடந்து காலத் தேச்சுப்போட்டோம். இவளுக்குச் சக்கரந்தான் தேயும், போ" என்றார். முதலாளி ஒரே ஒரு கட்டளை போட்டார்: சக்கரம் களத்தை விட்டு வெளியே மண்ணில் இறங்கக் கூடாது, இறங்கினால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அவள் ஒரு நாளும் அதை மீறியதில்லை. சாயங்காலம் ஆனால் துடைத்து, சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டு வைப்பாள். எந்த எண்ணெய் என்று கேட்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் தலைக்கும் தாளிப்பதற்கும் கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மகளின் காலை டாக்டரிடம் காட்ட வருஷத்துக்கொரு தடவை கோயமுத்தூர் போவோம். ஒரு முறை அங்கே பொம்மைக் கடை ஒன்றுக்குள் அவளைக் கூட்டிப்போனேன். இந்தக் காலத்து ஸ்கேட் எல்லாம் வேறாக இருந்தன. கணுக்காலுக்கு மேலே ஏறும் ஷூ, அடியில் நான்கு சக்கரமும் ஒரே வரிசையில், உருண்டால் விளக்கு எரிகிறது. இன்னொன்று பார்க்கச் சாதாரண ஷூ. குதிகாலில் மட்டும் சக்கரம் ஒளிந்திருக்கிறது. தகட்டில் கட்டுகிற பழைய மாதிரி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். அந்த இரும்புச் சக்கரம் முதலில் போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் இந்த பிளாஸ்டிக் வந்தது, இப்போது பிள்ளைகள் தலைக்குக் கவசம், முட்டிக்குப் பட்டை என்று கட்டிக்கொண்டு ரேஸ்கோர்ஸ் பக்கம் வகுப்புக்குப் போகிறார்கள், உங்கள் சாமானை மியூசியத்தில்தான் கேட்க வேண்டும் என்றார். நல்ல மனுஷர், எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார்.

மகள் ஒரு ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். விளக்கு எரிவது அவளுக்குப் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. அப்புறம் என்னிடம் மெதுவாக, "இதுல எங்கம்மா கட்டை வெக்கறது?" என்று கேட்டுவிட்டுத் திருப்பி வைத்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்து, நம்முடையதுதான் நல்லது அம்மா, பெரிசானாலும் சாவி போட்டு நீட்டிக்கலாம் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அந்தக் கார்த்திகையில், ஆறாவது படித்துக்கொண்டிருந்தவள், சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "அம்மா, நான் சக்கரத்துல பழனிக்கு வந்தா, அது எங்காலுல வந்த மாதிரியா, இல்லியா?"

குழுவின் குருசாமியிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் எங்களை நடத்திக் கூட்டிப்போகிறவர். குழுவில் இருந்தவர்களும் அப்போது கூடியிருந்தார்கள். பேச்சு வளர்ந்தது. காலில் கட்டுகிறது எல்லாம் செருப்புதான், ஆகாது என்றார் ஒருத்தர். இல்லை, சக்கரம் இருந்தால் அது வண்டி, வண்டியில் வருகிறவர் பாதயாத்திரை வந்ததாகச் சொல்லக் கூடாது என்றார் இன்னொருத்தர். தேருக்குக்கூடத்தான் சக்கரம் இருக்கிறது என்று ஒரு பையன் சொல்லப்போக, தேரில் சாமிதான் வரும், நீ வருவாயா என்று அவனை அடக்கினார்கள். செருப்பு என்றால் பாவம், வண்டி என்றால் யாத்திரை இல்லை. எப்படிப் பார்த்தாலும் என் மகளுக்கு வழி இல்லை. குருசாமி கடைசியில், "கோவிச்சுக்காதீங்க அம்மணி. நானாத்தான் ஒண்ணைச் சொல்லிப்போட்டு, நாளைக்குக் குழுவுக்கு ஒரு கொறை வந்துறக்கூடாதுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் அதே பயம்தான். செலுத்துகிற வேண்டுதல் செல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது?

அன்னதானத்துக்குத் தேங்காய் கேட்க மார்கழியில், மாலை போடுவதற்கு முன்னால், குருசாமி எங்கள் களத்துக்கு வந்தார். முதலாளி களத்தின் நடுவில் நின்றிருந்தார். குருசாமி பேச்சு மும்முரத்தில் செருப்போடு களத்துக்குள் கால் வைத்தார். பெரிய அக்கா விடவில்லை. "ஏனுங்க சாமி, செருப்பக் கழட்டிப்போட்டு வாங்க. இங்க பருப்புக் காயுதுங்க" என்றார். குருசாமி கழற்றி ஓரமாக வைத்தார். நிமிர்ந்தால், என் மகள் தள்ளுக்கட்டையோடு அவர் முன்னால் உருண்டு போகிறாள்.

"அதெப்படிங்க? எனக்கு மட்டும் கழட்டச் சொன்னீங்க?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அக்கா கையில் இருந்த பருப்பைத் தோண்டுவதை நிறுத்தவே இல்லை. "அது செருப்பில்லீங்களே. பாப்பாவோட காலுங்க" என்றார்.

வாதத்துக்குச் சொல்லவில்லை. யாத்திரைப் பேச்சு நடந்ததே அக்காவுக்குத் தெரியாது. களத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். மகள் ஒரு வரிசை முழுக்கக் கிளறித் திரும்பி வரும் வரைக்கும் குருசாமி பார்த்துக்கொண்டு நின்றார். தேங்காய் பேசி முடித்தார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, பாப்பாவுக்கு மாலை போட்டுவிடச் சொன்னார். அடிவாரம் வரைக்கும் அவளுடைய காலோடு வரட்டும், படியில் மட்டும் கட்டையைக் கழற்றிவிட்டு வெறும் பாதம் படட்டும் என்றார்.

இரும்புச் சக்கரம் தார் ரோட்டுக்கு ஆகாது, அதிர்கிற அதிர்வில் பல்லெல்லாம் ஆடிவிடும். அவள் அப்பா கோயமுத்தூரில் கனமான ரப்பர் சக்கரங்கள் வாங்கி, ஒரு லேத் பட்டறையில் அளவுக்குக் கடைந்து, உள்ளே பேரிங் அடித்து மாட்டி வந்தார். மகள் வழக்கம்போலத் தினமும் எண்ணெய் போட்டாள். களத்து வெயிலில் சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது.

கிளம்புகிற நாள் விடிகாலை, ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் குழு கூடியது. தைப் பனி. காவடி தூக்குகிறவர்கள் தூக்கிவிட்டார்கள். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டோம். அரோகரா என்றதும் மகள் வலது காலால் தள்ளினாள். சக்கரம் அசையவில்லை. மறுபடி தள்ளினாள். தகடு தரையில் இழுபட்டதே ஒழிய உருளவில்லை. அவள் அப்பா குனிந்து கையால் சுற்றிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

கூட்டத்தில் ஒரு அம்மா என் காதுபடவே, சகுனம் சரியில்லீங்க, சாமிக்கு இஷ்டமில்லை போலிருக்கு என்றார். நாமாக ஒரு வழி கண்டுபிடித்துச் சாமியை ஏமாற்றப் பார்த்தோமோ என்று நினைத்தேன்.

மகள் கட்டையை அவிழ்த்துக் கையில் எடுத்தாள். சக்கரத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாக வந்தது. மோந்து பார்த்தாள். "அம்மா, இது சகுனமில்ல. எண்ணெய்" என்றாள்.

தேங்காய் எண்ணெய் உறைந்துபோயிருந்தது. தை மாதக் காலையில் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் கொண்டுபோய் வைக்காத வீடு எங்கள் ஊரில் உண்டா? காலமெல்லாம் தேங்காயிலேயே பிழைக்கிற எங்களுக்கு, தலைக்குத் தெரிந்தது சக்கரத்துக்குத் தோன்றவில்லை. அதுவரை அவள் ஓட்டியதெல்லாம் வெயிலில்தானே.

குழு நிற்க முடியாது. ரோட்டுக்குப் போனால் யாத்திரைக்காரர்களுக்குச் சுக்குக் காப்பி போடுகிற பந்தல் இருக்கிறது, அது வரைக்கும் நடக்கிறேன் என்றாள். வெறுங்காலோடு, சாய்ந்து சாய்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பந்தலில் காப்பி அண்டா கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு தகட்டையும் சாய்த்து வைத்தோம். வழியனுப்ப அது வரைக்கும் வந்திருந்த பெரிய அக்கா குருசாமியைப் பார்த்து, "சாமி மனசு மார்கழியிலயே உருகிருச்சு. இந்த எண்ணெய்தானுங்க இன்னும் உருகுல" என்றார். குருசாமி காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, உருகட்டும், அது வரைக்கும் எல்லோரும் உட்காருங்கள் என்றார். யாரும் முன்னால் போகவில்லை. சகுனம் சொன்ன அம்மாவே சக்கரத்தைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

எண்ணெய் சொட்டு விட்டதும் அவள் அப்பா துணியால் துடைத்து எடுத்துவிட்டு, குழுவின் சாமான்களை ஏற்றி வந்த ஆட்டோவில் இருந்த கிரீஸை விரலால் அப்பினார். சுற்றிவிட்டால் நிற்காமல் சுற்றியது.

அதற்கப்புறம் நடந்தது வீடியோவில் கொஞ்சம் இருக்கிறது. வெயில் ஏறின ரோடு. இடப்பக்க ஓரத்தில் அவள், வலப்பக்கம் ஒரு அரணாக நாங்கள். ஏற்றத்தில் எங்களுக்குப் பின்னால், இறக்கத்தில் எங்களுக்கு முன்னால், அவளைப் பிடிக்க நான் ஓட்டம். தார் பெயர்ந்த இடங்களில் கட்டையை அவிழ்த்துவிட்டு நடந்தாள். இடுப்பு வலித்தபோது உட்கார்ந்தாள். எங்களைக் கடந்து போன குழுக்களெல்லாம் நின்று பார்த்தன. யாரோ செல்போனைத் தூக்கினார்கள். சிலர் காலைத் தொட்டுக் கும்பிட வந்தபோது அவள் கூச்சப்பட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். ராத்திரி ஒரு மடத்தில் படுத்தோம். மறுநாள் வயல்களுக்கு மேலே மலை தெரிந்தது. அவள்தான் முதலில் அரோகரா போட்டாள்.

வீடியோவில் இல்லாததைச் சொல்கிறேன். அடிவாரத்தில் சக்கரத்தை அவிழ்த்து என் பையில் போட்டாள். படிக்குச் சூடம் ஏற்றிவிட்டு, வெறுங்காலோடு ஏறினாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் சாய்ந்து, நொண்டிக்கொண்டுதான் ஏறினாள். பாதியில் வலி தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. கீழே இறங்கி ரோப் காரில் போய்விடலாமா என்று அவள் அப்பா கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுகிற வரைக்கும் காவடிகளை இறக்காமல் எங்கள் குழு நின்றது. அவள் ஏறுகிற வேகம்தான் அன்றைக்கு எங்கள் எல்லோருடைய வேகமும்.

சன்னதியில் நின்றபோது இத்தனை வருஷம் சொன்ன மாதிரி, கூட்டி வந்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது சரியில்லை என்று பட்டது. நான் கூட்டி வரவில்லை. அவளே வந்துட்டாளுங்க சாமி, என்று மட்டும் சொன்னேன்.

இப்போது அவள் கோயமுத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். உயரம் வைத்த ஷூதான் போடுகிறாள். அந்தச் சக்கரத் தகடுகள் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகின்றன. ஆயுத பூஜைக்கு ஆட்டோவுக்கு வைக்கிற சந்தனம் அதற்கும் வைப்போம், பேரிங்கில் படாமல். கால் குணமாகிவிட்டதாக வந்த வீடியோவை அவளிடம் காட்டினேன். "அப்ப நான் படியில ஏறுனது?" என்று கேட்டாள். கால் குணமாகியிருந்தால், அந்தப் படியில் ஏறியது யார்? நான் வேண்டினது தன் காலால் வருவாள் என்று. சாய்கிற அந்தக் கால்தான் அவளுடைய கால். அதைப் பொய்யாக்கினால் செலுத்தின வேண்டுதலும் பொய்யாகிவிடும். முருகனுக்கு இல்லாத அற்புதத்தை நாம் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. எங்களுக்குச் செய்தது எங்களுக்குப் போதும்.

அதனால் படிக்கிற உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்வதானால், நான் எழுதின மாதிரியே சொல்லுங்கள். அனுப்பினால் நல்ல சேதி வரும், அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அவளைப் பிறவியில் நடக்காதவளாக ஆக்காதீர்கள். சக்கரத்தோடு மலையில் ஏற்றாதீர்கள். அவள் நொண்டிக்கொண்டு ஏறினதை விட்டுவிடாதீர்கள். எண்ணெய் உறைந்ததை மட்டும் எடுத்துவிடச் சொல்லி அவள் அப்பா என்னிடம் ரொம்பவும் கெஞ்சினார், ஊரே சிரிக்குமாம். அதையும் எடுக்காதீர்கள். அந்த அடுப்படியில் ஒரு குழுவே என் மகளுக்காக உட்கார்ந்திருந்தது.